ஒன்றுக்கு எட்டு

என் கணவருக்குக் குதிரை என்றால் பயம். ஒருமுறை தெருவில் வண்டிக் குதிரை ஒன்று தும்மியதற்கு எதிர்ச்சாரிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டவர். பந்தய மைதானத்துக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. ஆனாலும் எங்கள் ஊரில் குதிரை மேல் கட்டப்படும் பணத்தில் பாதிக்கு மேல் அவர் கை வழியாகத்தான் போய் வந்தது.

சட்டம் அப்போது விசித்திரமாக இருந்தது. குதிரை ஓடலாம். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், தொண்டை கிழியக் கத்தலாம். எது ஜெயிக்கும் என்று காசு வைத்தால் மட்டும் குற்றம். அந்தக் குற்றத்தை என் கணவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒழுங்காகச் செய்து வந்தார். வெளியே பார்த்தால் சாவிக் கடை. சாவி அறுக்கும் மெஷின் ஒன்று, ஸ்டூல் ஒன்று, பின்சுவரில் ஒரு பெரிய மரப்பலகை.

அந்தப் பலகையில் பன்னிரண்டு வரிசை ஆணி. கட்டுகிற ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பழைய சாவி ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்திருப்பார். அந்தச் சாவிதான் அவருடைய பெயர். நாலாம் நம்பர் குதிரை மேல் கட்டினால் சாவி நாலாம் வரிசைக்குப் போகும். எவ்வளவு என்பது என் கணவர் மண்டைக்குள் இருக்கும். காகிதத்தில் ஒரு கோடு கிடையாது. போலீஸ்காரர் வந்தால், "டூப்ளிகேட் போட வந்த சாவிங்க சார்" என்பார். போலீஸ்காரரும் தலையாட்டிவிட்டு, தன் சாவி எந்த வரிசையில் தொங்குகிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போவார்.

ஊரில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். சொன்ன சொல் மாற மாட்டார், தப்பாகக் கணக்குச் சொன்னால் திருத்துவார், அதனால் அந்தப் பெயர். இத்தனைக்கும் வீட்டில் உண்மையான வாத்தியார் நான். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "வாத்தியார் வீட்டம்மா போறாங்க" என்பார்கள். படித்துப் பாஸ் செய்து வேலை வாங்கியவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே நீள ஹால். நடுவே நாலு இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு டீச்சர். நான் பின்னக் கணக்கு நடத்தும்போது அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு ஓடும். "முக்காலில் பாதி எவ்வளவு?" என்று கேட்டால் என் பிள்ளைகள் "நாற்பத்தொன்பது" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்கக் கத்திக் கத்தி என் குரல் வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. "பக்கத்துலதானே இருக்கேன், ஏன் இப்படிக் கூப்பிடற?" என்பார் என் கணவர்.

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். நீதிபோதனை வகுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தானே எடுக்கிறவர். பீரோக்கள் இருக்கும் இடத்தில் ஒரு செங்கல் சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் கதவு வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. சுவர் என்ற சொல்லை அவர் முன்னால் எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நிதி இல்லை என்ற பதிலை எல்லோரும் நாற்காலி போட்டு மரியாதையாகச் சொன்னார்கள். கடைசியில் பெற்றோர்களிடம் வசூல் செய்தார். வந்த பணத்துக்குக் கொத்தனாரைக் கூட்டிவந்து கேட்டதில், முழங்கால் உயரத்துக்குச் சுவர் வரும் என்றார். தாண்டி விளையாட வசதியாக இருக்கும் என்று நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னதற்குப் பெரிய டீச்சர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மசோதா வந்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சட்டப்படி அனுமதிப்பது, கவுன்ட்டர் திறந்து ரசீது கொடுப்பது, வருகிற வரியில் மூன்றில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்குவது. பேப்பரில் இரண்டு பக்கமும் எழுதித் தள்ளினார்கள். எப்படியும் ஒளிந்து கட்டுகிறார்கள், அந்தப் பணம் பிள்ளைகளுக்காவது போகட்டும் என்று ஒரு கட்சி. சூதாட்டக் காசில் அகரம் எழுத வைப்பதா என்று இன்னொரு கட்சி. பெரிய டீச்சர் முதல் வாரம் இரண்டாவது கட்சியில் இருந்தார். அடுத்த வாரம் முதல் கட்சிக்கு வந்துவிட்டார். நடுவில் ஒரு நல்ல மழை பெய்து ஹாலின் ஒரு மூலை ஒழுகி, இரண்டு வகுப்பும் ஒரே பக்கம் உட்கார வேண்டி வந்தது.

மசோதா நிறைவேறும் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. என் கணவரும் நம்பவில்லை. "நிறைவேறாதுன்னு ஒருத்தர், நிறைவேறும்னு ஒருத்தர் கடையில சண்டை போட்டாங்க. விலை சொல்லுங்க வாத்தியாரேன்னாங்க. சொல்லிட்டேன்" என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே. நிறைவேறும் என்று கட்டுகிறவருக்கு ஒன்றுக்கு எட்டு. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடை விஷயத்தைக் காதில் வாங்காமல் இருப்பது எனக்கு நன்றாகப் பழகிய வித்தை.

இதற்கு நடுவில் பள்ளியில் ஸ்டோர் ரூம் சாவி காணாமல் போனது. நீல நாடா கட்டிய பித்தளைச் சாவி, ஆபீஸ் ரூம் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும். சாக்பீஸ் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. கரும்பலகையில் எழுத வழியில்லாமல் வாயாலேயே பாடம் நடத்தினோம். வாட்ச்மேனைத் திட்டினார்கள், என் மேஜை டிராயரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பெரிய டீச்சரும் எங்களோடு குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினார். பொறுப்பில்லாமல் இருப்பது பற்றி அன்றைய நீதிபோதனையில் கொஞ்சம் பேசினார்.

பந்தயம் இல்லாத ஒரு நாள் சாயங்காலம், வீட்டுச் சாவியை வாங்கக் கடைக்குப் போனேன். பலகையில் அன்று ஒரு சாவிகூட இருக்கக் கூடாது. முதல் வரிசை முழுக்கத் தொங்கியது. ஒரே ஆணியில் மூன்று, நாலு என்று அடைத்திருந்தார். இரண்டாம் வரிசையில் நாலைந்து. முதல் வரிசையில் மூன்றாவது ஆணியில் நீல நாடா.

"இது எங்க ஸ்கூல் சாவி" என்றேன்.

"ஆமா. உங்க பெரிய டீச்சரம்மா கொண்டு வந்தாங்க."

"டூப்ளிகேட் போடவா?"

"கட்ட."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் வரிசை மசோதா நிறைவேறும் என்பவர்களுக்கு, இரண்டாவது நிறைவேறாது என்பவர்களுக்கு. சுவர் வசூல் மொத்தமும் அந்த ஆணியில் தொங்கியது. மசோதா நிறைவேறினால் சுவர் வரும், எட்டு மடங்கு. நிறைவேறாவிட்டால் முழங்கால் உயரமும் போச்சு.

"யாரு பணம்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கற வழக்கமில்ல."

"மத்த சாவி எல்லாம்?"

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். அவர் கையைத் துடைத்தால் செய்தி பெரிது என்று அர்த்தம்.

மசோதாவைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவிலிருந்து ஒருவர் கடைக்கு வந்திருக்கிறார். பணம் எப்படிக் கை மாறுகிறது, எவ்வளவு போகிறது என்று உள்ளே இருக்கிற ஒருவர் வந்து சொல்ல வேண்டும், வழக்கு எதுவும் போட மாட்டோம், நீங்கள் வருவீர்களா என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்று சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை. அவருக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டும். மேஜை மேல் தன் பெயர் எழுதிய கட்டை ஒன்று இருக்க வேண்டும். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன், அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சரி என்று சொன்னது புதன்கிழமை. திங்கட்கிழமை சொன்ன விலை சனிக்கிழமை வரைக்கும் நிற்கும், நடுவில் மாற்றுவதில்லை என்பது கடை வழக்கம். வாத்தியாரே குழு முன்னால் போய் மசோதாவுக்கு ஆதரவாகப் பேசப் போகிறார் என்ற சேதி வியாழக்கிழமை காலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு சாவி கொண்டுவந்தார், ஒன்று அவருடையது, ஒன்று அவர் மாமியாருடையது. ஒன்றுக்கு எட்டு என்று சொன்ன வாய் மாறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் விலையைக் குறைத்தார். அதற்குள் ஆணி நிரம்பிவிட்டது.

"அப்ப நீங்க ஜெயிச்சா?" என்றேன்.

"வீடு போயிடும்."

"தோத்தா?"

"ஸ்கூல் காசு போயிடும். மத்தவங்க காசும்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நமக்கு நல்ல வருமானம்" என்றார், ஏதோ அடுத்த வீட்டுக்காரருக்கு வரப்போவதைச் சொல்வதுபோல.

கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீடு எங்களுடையது. அதற்காக நான் வாங்காமல் விட்டவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய டீச்சர் மேல் வந்த கோபம் அதிகம். மறுநாள் ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஸ்டோர் ரூம் சாவி கிடைச்சிடுச்சு டீச்சர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். முகம் மாறவில்லை. "பார்த்துட்டியாம்மா" என்றார்.

"உங்க வீட்டுச் சாவியைக் குடுத்திருக்கலாமே. நாங்க ஒரு வாரமா சாக்பீஸ் இல்லாம அல்லாடறோம்."

"அது எப்படிம்மா? கட்டினது ஸ்கூல் காசு. அதுக்கு என் வீட்டுச் சாவியத் தொங்கவிட்டா, நாளைக்கு ஜெயிச்சா என் காசுன்னு ஆயிடாதா? அது தப்பு இல்லையா?"

பெற்றோர் கொடுத்த பணத்தை எடுத்துப் பந்தயம் கட்டியது அவருக்குத் தப்பாகப் படவில்லை. சாவி மாறுவதுதான் தப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் வீடு போய்விடும் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "தம்பிய நல்லாப் பேசச் சொல்லும்மா" என்றார். இந்தக் கல்நெஞ்சை நான் அதற்கு முன்னால் எந்தத் தலைமையாசிரியையிடமும் பார்த்ததில்லை. இவரை விட்டால் அந்தப் பள்ளிக்கு யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் கணவர் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. "வாத்தியாரே, நீங்களே இப்படிப் பேசலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பக்கத்து ஊரில் இதே தொழில் செய்யும் ஆளிடம் போய்ப் பாதியை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். "சாட்சி சொல்லப் போறவனே நீ. உன்கிட்ட வாங்கி நான் என்ன செய்யறது?" என்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஏங்க, நாளைக்கு மழுப்பிட்டு வாங்களேன். எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. பொய்கூடச் சொல்ல வேணாம். கொஞ்சம் கம்மியாப் பேசுனாப் போதும்."

"சுவரு?"

"சுவரு இல்லாம இத்தனை வருஷம் கத்தலையா? இன்னும் கத்தறேன்."

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்தார். "ஜெயிக்கற குதிரையக் கடைசி வளைவுல இழுத்துப் பிடிக்கற ஜாக்கி இருப்பான். வெளிய பார்த்தா ஓட்டற மாதிரியே இருக்கும். அவனைப் பத்தி நான் என்ன சொல்வேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் தட்டுகளைக் கழுவின சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கும்.

கல்விக்கான மசோதா என்பதால் குழு பள்ளியிலேயே உட்கார வேண்டும் என்று பெரிய டீச்சர் கேட்டு வாங்கியிருந்தார். ஐந்தாம் வகுப்பை வெளியே மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பக்கத்தில் நாற்காலி மேஜை போட்டார்கள். நாலாம் வகுப்புக்கு மட்டும் அவர் லீவு விடவில்லை. குழுத் தலைவர் வாயைத் திறந்ததும் பீரோக்களுக்கு அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றார் தலைவர்.

"பாடம் நடக்குதுங்க" என்றார் பெரிய டீச்சர், பணிவாக.

முதலில் பேசியது தையல்காரம்மா ஒருவர். அவர் வீட்டுக்காரர் பந்தயத்தில் எல்லாவற்றையும் விட்டவர். "இப்ப ஒளிஞ்சு கட்டறார். கவுன்ட்டர் திறந்தா வெளிச்சத்துல கட்டுவார். அதுல என் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருவீங்களாம். எனக்கு நோட்டு வேணாங்க, வீட்டுக்குக் காசு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் தண்ணீர் குடித்தார்.

அடுத்து என் கணவர். சலவைச் சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பொத்தானைக்கூட மாட்டியிருந்தார். பணம் எப்படிக் கை மாறுகிறது என்று கேட்டார்கள், சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறி, முன்னால் சொன்னதையே திரும்பச் சொன்னார். "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று அந்தப் பக்கம் கத்தியபோது அவர் எண்ணிக்கொண்டிருந்த தொகை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இப்படியே சொதப்பிவிட்டு வந்துவிட மாட்டாரா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"சட்டம் வந்தா கட்டறவங்க எண்ணிக்கை கூடுமா, குறையுமா?" என்று தலைவர் கேட்டார்.

"கூடும்" என்றார் இவர்.

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கு நீங்க இதை ஆதரிக்கறீங்க?"

"இப்ப அதுல வர்றது எனக்குப் போகுதுங்க. அப்ப பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்க வீட்டுக்காரர் சாவி என் கடையிலதான் இருந்துச்சு. போன வருஷம் திருப்பிக் குடுத்துட்டேன். அவர் வேற கடைக்குப் போயிட்டார்."

"இதை அனுமதிக்காம நிறுத்தவே முடியாதா? ஒழுங்காப் போலீஸைப் போட்டா நின்னுடாதா?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. கடைக்குக் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று பார்ப்பாரே, அந்த மாதிரிதான். பிறகு தலைவரிடம் சொன்னார்: "நீங்க இதை நிறைவேத்துவீங்களா மாட்டீங்களான்னே ஊர்ல பணம் கட்டியிருக்காங்க சார். என்கிட்டத்தான். உங்க மேலேயே கட்டறாங்க, குதிரையை எப்படி நிறுத்துவீங்க?"

ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழுவில் ஒருவர் இது அவமதிப்பு என்று எழுந்து நின்றார். ஒரு அம்மா குனிந்துகொண்டு சிரித்தார். தலைவர் மேஜையைத் தட்டினார். தட்டி அடங்கியதும், கொஞ்சம் தயங்கி, "என்ன விலை?" என்று கேட்டார்.

"ஒன்றுக்கு எட்டு சார். இப்பக் குறைச்சாச்சு."

தேநீர் இடைவேளையில், அவமதிப்பு என்று எழுந்து நின்றவர் என் கணவரைப் பீரோ ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், நிறைவேறாது என்று கட்டினால் என்ன கிடைக்கும் என்று விசாரித்தார். "நீங்க ஓடற குதிரை சார். குதிரை கட்டக் கூடாது" என்றார் இவர். "அப்ப நீங்க?" என்றார் அவர். "நானும்தான். அதான் பிரச்சினையே" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

மழைக்காலம் முடிவதற்குள் மசோதா நிறைவேறிவிட்டது. சபையில் பேசிய நாலு பேர், மசோதா மேலேயே ஊர் பந்தயம் கட்டிய கதையைச் சொல்லிச் சிரித்தார்களாம். ரேடியோவில் கேட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தி முடித்துவிட்டுத்தான் கீழே கடைக்குப் போனேன். அவர் பலகை முன்னால் நின்று, முதல் வரிசைச் சாவிகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் கொடுத்தார். ஒருவருக்குக்கூடத் தவணை சொல்லவில்லை. வீட்டை வாங்கிக்கொண்டது மருந்துக்கடைக்காரர். ஜெயித்த பணத்தில் பெரும்பகுதியை எங்கள் வீட்டுக்கே விலையாகக் கழித்துக்கொண்டு, மீதியைக் கையில் வாங்கிக்கொண்டார். எங்களை அங்கேயே வாடகைக்கு இருக்கச் சொன்னார். நல்ல மனுஷர், பால்கனிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது, இத்தனை வருஷம் ஏன் பெயின்ட் அடிக்காமல் விட்டீர்கள் என்று முதல் மாதமே கேட்டார்.

பெரிய டீச்சர் கடைசியாக வந்தார். பணத்தைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டு, நீல நாடாச் சாவியையும் வாங்கிக்கொண்டார். அன்றே சாக்பீஸ் வெளியே வந்தது.

பந்தயக் கவுன்ட்டருக்கு ஆள் எடுத்தார்கள். என் கணவர் விண்ணப்பம் போட்டார். இதற்கு முன் சட்டவிரோதமாகப் பந்தயம் நடத்தியவர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அவர் நடத்தினார் என்பதற்கு ஆதாரம் என்ன என்று நான் கேட்டேன். குழு முன்னால் அவரே சொன்னதுதான் ஆதாரம். வழக்குப் போட மாட்டோம் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தார்கள், வேலை கொடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் இப்போது மருந்துக்கடைக்காரரின் மைத்துனன் உட்கார்ந்து ரசீது கிழிக்கிறான். மேஜை மேல் பெயர்க் கட்டை இருக்கிறது.

சுவர் வேலை ஜோராக நடந்தது. கூரை வரைக்கும் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு, கதவு. வேலை முடியும் தறுவாயில் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பந்தய வரியிலிருந்து பள்ளிகளுக்குப் பங்கு என்று அறிவித்தாகிவிட்டது, பங்கு இன்னும் எந்தப் பள்ளிக்கும் வந்து சேரவில்லை, ஆனால் போட்டோ எடுக்க ஒரு சுவர் தேவைப்பட்டது. ஊரிலேயே புதுச் சுவர் எங்களிடம்தான் இருந்தது. 'பந்தய வரிக் கல்வி நிதியில் கட்டப்பட்டது' என்று ஒரு கல்லைக் கொண்டுவந்து பதித்தார்கள். பெரிய டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டி வரும்.

கதவுக்குப் பூட்டுப் போட என் கணவர்தான் வந்தார். பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கல்லைப் படித்தார். மண்டியிட்டு ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தார். பெரிய டீச்சர் வந்து நின்றார். எப்போதும் நேராகப் பார்த்துப் பேசுகிறவர் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். குழுக்காரங்ககிட்ட உங்க பேரைக் குடுத்தது நான்தான். பணம் கட்டிட்டு, அப்புறமாப் போய்க் குடுத்தேன்."

"தெரியும் டீச்சரம்மா."

"தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை உங்க சாவி வந்துச்சு. புதன்கிழமை அந்த ஆள் கையில ஒரு சீட்டோட வந்தார். சாவிக் கடைக்கு யாரும் விலாசம் எழுதி எடுத்துக்கிட்டு வர மாட்டாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும்."

அவர் பையைத் திறந்தார். "பூட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். இவர் விலை சொன்னார். பணத்தைக் கொடுத்தார், சில்லறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. கட்டிய கையே குதிரையையும் அவிழ்த்துவிட்டிருக்கிறது, குதிரைக்கும் அது தெரிந்திருக்கிறது. வீட்டையும், பால்கனிக் கம்பியையும், மாதாமாதம் மாடிப்படியில் வந்து நிற்கும் மருந்துக்கடைக்காரரையும் நினைத்தேன். அன்றைக்கே இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தச் சாவியைத் தூக்கி அந்த அம்மாள் மேஜையில் வைத்து, இந்த ஆட்டம் செல்லாது என்று சொல்லியிருக்கலாம்.

"தெரிஞ்சே ஏன் போனீங்க?"

அவர் சாவியை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தார். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு விழுந்தது. "போறியான்னு என்னை முன்னப்பின்ன யாரும் கேட்டதில்ல" என்றார். "அவங்க கேட்டாங்க. சட்டையெல்லாம் போட்டுட்டு வரச் சொன்னாங்க."

அப்போதுதான் நான் கத்தினேன். வருஷக் கணக்காக அந்த ஹாலில் கத்திய குரல், அதைவிடப் பெரிதாகவே வந்திருக்கும். என்னென்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் மண்டியிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் என் கையில் ஒரு சாவியை வைத்து மூடினார். நல்ல சுவர். பக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம்.